கயிறு வேண்டாம் என்றவர்

சைக்கிள் மணி பின்னால் அடித்துக்கொண்டே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையால் முழங்காலை அழுத்தி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, காலை இழுத்துப் போடுகிற என் நடை ஒரு சைக்கிளிடமிருந்து தப்பிக்கிற நடை இல்லை. இருந்தாலும் நடந்தேன். திருவள்ளூரிலிருந்து வெங்கல் பக்கம் போகிற ரோடு. அரிசி மில்லின் புகைக்குழாய் முதுகுக்குப் பின்னால் இன்னும் மறையவில்லை.

பக்கத்தில் வந்ததும் அவர் இறங்கிக்கொண்டார். சைக்கிளைத் தள்ளியபடி கூடவே நடந்தார்.

"கேரியர்ல ஏறு."

நான் ஏறாமல் நடந்தேன்.

"சோழவரத்துல ஒரு பட்டறை கீது. குந்திக்கினே செய்ற வேலை. நாளைக்கே பேசிடறேன்."

"இன்னா சொல்லிப் பேசுவீங்க?"

என்ன சொல்லிப் பேசுவார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ரோட்டில் மஞ்சள் துணி கட்டிய மாட்டு வண்டிகள் பெரியபாளையத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆடி மாதம்.

"அப்ப இன்னா, தட்டு எடுக்கப் போறியா?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை. பயந்த மனிதர் கேட்கிற மாதிரி கேட்டார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எங்களுக்கு அவர் வேலை சார். திருவள்ளூருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கண் தெரியாதவர்கள், காது கேட்காதவர்கள், என்னைப்போல இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பியவர்கள், எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தார்கள். கூடை பின்னவும் கயிறு திரிக்கவும் கோணி தைக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். பதினெட்டு வயது ஆனால் வெளியே போய்விட வேண்டும். போய் என்ன செய்வது என்பது பாடத்தில் இல்லை. அங்கே குமாஸ்தாவாக இருந்த ஒருவர், யாரும் சொல்லாமல், தானே அந்தக் கேள்வியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அவருடைய சம்பளத்துக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தம் இல்லை. ஒல்லி உடம்பு, காலர் கிழிந்த சட்டை, பின்னால் உட்கார ஆள் இல்லாமல் பார்க்க முடியாத ஒரு சைக்கிள்.

அவருடைய பருவம் ஆடி. ஆடி பிறந்தால் இந்தப் பக்கத்துக் கூலி ஆட்கள் பாதிப் பேர் பெரியபாளையத்துப் பவானி அம்மனுக்கு வேப்பிலை கட்டப் போய்விடுவார்கள். போனவன் எப்போது திரும்புவான் என்று முதலாளியால் சொல்ல முடியாது. மில்லில் நெல் நிற்கும், காளவாயில் செங்கல் நிற்கும், பட்டறையில் துருத்தி நிற்கும். அந்த நேரம் பார்த்து வேலை சார் வாசலில் சைக்கிளை நிறுத்துவார். மற்ற மாதங்களில் நாய் துரத்துகிற மாதிரித் துரத்துகிற முதலாளிகள் ஆடியில் மட்டும் "வாங்க சார்" என்பார்கள்.

"இந்த வாட்டி இன்னா சரக்கு சார்?" என்று கேட்பார்கள்.

"நல்ல சரக்கு மொதலாளி" என்பார் அவரும்.

பிறகு அவர் பேசுவதுதான் பேச்சு. கண் தெரியாத ஒருத்தனைக் கொல்லுப் பட்டறையில் துருத்தி இழுக்க விட்டபோது சொன்னாராம்: "இவனுக்கு வெளக்கு வேணாம் மொதலாளி. பொழுது போனாலும் இழுப்பான். எண்ணெய் மிச்சம்." காது கேளாத பெண் ஒருத்தியைச் சாயப் பட்டறையில் சேர்த்தபோது: "நீங்க இன்னா திட்டினாலும் இவ காதுல வுழாது. மனசுலயும் வெச்சிக்கமாட்டா." கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அவர் மட்டும் சிரிக்கமாட்டார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொள்வார். வியர்வை இல்லாத நாளிலும் துடைப்பார்.

என்னை மில்லுக்குக் கூட்டிப் போனபோது என்னை முன்னால் நிறுத்தி, நீள வேட்டியை இழுத்துவிட்டுக் காலை மறைத்தார். முதலாளி வேட்டிக்குக் கீழே பார்த்தார்.

"இன்னா சார், நொண்டியா?"

"நொண்டிதான் மொதலாளி. ஓடிப் போவமாட்டான்."

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த வருஷம் மட்டும் மூன்று பேர் அவரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ரயில் ஏறியிருந்தார்கள். எனக்குக் கோணி தைக்கும் வேலை கிடைத்தது. வேலை சார் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

கிளம்பும் முன் வெளியே கூட்டிப் போய் எல்லாருக்கும் சொல்வதை எனக்கும் சொன்னார். "தனியா ஒண்ணும் கேக்காத. குந்த எடம் கேக்காத. மெதுவா சொல்லுன்னு கேக்காத. நீ ஒண்ணு கேட்டா உனக்குப் பின்னால வர்றவனுக்குக் கதவு மூடிக்கும்."

நான் கேட்கவில்லை. அரிசி மூட்டை மேல் உட்காரக் கூடாது, லட்சுமி என்பார்கள். தரையில் உட்கார்ந்தால் என் காலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டைக்கும் எழுந்திருக்க முடியாது. அரை அடி உயரத்தில் ஒரு பலகை இருந்தால் போதும். அதைக் கேட்காமல் சுவரில் சாய்ந்து நின்றே தைத்தேன். சாயங்காலம் நல்ல கால் வீங்கிவிடும். சூம்பின கால் எப்போதும் போல் இருக்கும்.

மாதம் ஒரு தடவை அந்தப் பக்கம் வந்தேன் என்பது போல வருவார். முதலாளியிடம் மழையைப் பற்றிப் பேசுவார். பிறகு எங்களிடம் வந்து, "கைய காட்டு" என்பார். காது கேட்காதவர்களுக்குத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவார், அதுதான் சைகை. காட்டினால் கொப்புளம் இருக்கிறதா, வெட்டு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சட்டைப் பையில் ஒரு மஞ்சள் களிம்பு டப்பி வைத்திருப்பார். விரலிடுக்கில் பூசிவிடுவார். சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. கையைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும் என்று நாங்கள் நம்பினோம்.

ஒவ்வொரு ஆடியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பெரியபாளையம் போவார். சாமி கும்பிட அல்ல. கோயிலுக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வரிசை முழுக்க, குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போவார். தன் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பார். ஒரு தடவை என்னையும் கூட்டிப் போனார். வரிசை முடிந்த இடத்தில் நின்று பெரிதாக மூச்சு விட்டார். "ஒருத்தனும் இல்ல" என்றார். அன்று மட்டும் எனக்கு நாஷ்டா வாங்கிக் கொடுத்தார். அவருடைய அண்ணன் ஒருவர் அந்த வரிசையில்தான் செத்தார் என்று பள்ளிக்கூடத்துச் சமையல்காரர் சொல்வார். அண்ணனே கிடையாது என்று தோட்டக்காரர் சொல்வார். நான் கேட்டதில்லை.

எனக்கு அடுத்த வருஷம் முனிரத்தினத்தைக் கொண்டுவந்தார். பிறவியிலேயே காது கேட்காது. நல்ல தேக்கு மாதிரி உடம்பு. நெல் அரைக்கிற ஹல்லருக்கு அடியில் உமியும் தவிடும் அடைத்துக்கொண்டால் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையை விட்டு வாரி எடுக்கும் வேலை. "இந்தச் சத்தத்துல நம்ப காதுதான் பூடும். இவனுக்குப் போவறதுக்கு இன்னா கீது?" என்றார் வேலை சார். முதலாளி சிரித்தார்.

முனிரத்தினம் கேலிக்காரன். முதலாளி முதுகைத் திருப்பினால் அவர் தொப்பையைத் தள்ளி நடப்பதை நடந்து காட்டுவான். என் நடையை என் முன்னாலேயே நடந்து காட்டுவான். என்னைவிட அழகாக நொண்டுவான்.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம். நின்ற இன்ஜினை மறுபடி ஓட்டும் முன் இன்ஜின்காரர், "வுடறேன்... கைய எடு" என்று குரல் கொடுப்பார். எல்லா மில்லிலும் அதுதான் வழக்கம். குரல் கேட்டதும் எல்லாரும் கையை எடுத்துக்கொள்வார்கள், பெல்ட் ஓடும். முனிரத்தினம் எடுக்கமாட்டான். முதல் வாரமே ஒரு தடவை நான் ஓடிப் போய், ஓட்டம் என்று சொன்னால் என் ஓட்டம், அவனை இழுத்தேன். அன்றைக்கே நானும் அவனுமாக ஒரு ஏற்பாடு செய்தோம். சணல் கயிறு ஒன்றை நீளமாகத் திரித்தேன். அதுதான் எனக்குப் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுத்த வித்தை. ஒரு முனை அவன் இடுப்பில் அரைஞாணோடு. மறு முனை என் சூம்பின காலில். குரல் கேட்டதும் குனிந்து ஒரு இழு. அவன் கையை எடுத்துவிட்டுப் பதிலுக்கு ஒரு இழு. அப்புறம் நான் இன்ஜின்காரருக்குத் தலையாட்டுவேன். அந்தக் காலுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே வேலை அது.

நெல் அறுவடை முடிந்து மில் நிறைந்திருந்த சமயம், வேலை சார் வந்திருந்தபோது முதலாளி கயிற்றைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடா இது, ஆட்டக் கட்டற மாதிரி கட்டிக்கினு?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் வேலை சாரைப் பார்த்தார்.

"காது கேக்காட்டி ஒரு வித்தியாசமும் இல்லன்னு சொன்னீங்களே சார். இப்ப ஒரு ஆளுக்குக் காவலா இன்னொரு ஆளா? ரெண்டு பேரு செய்ற வேலைக்கு நான் இன்னாத்துக்கு உங்க பள்ளிக்கூடத்தாண்ட வரணும்?"

வேலை சார் முனிரத்தினத்தின் முன்னால் குந்தி, அரைஞாணிலிருந்து முடிச்சைத் தானே அவிழ்த்தார். இறுகிய முடிச்சு. பல்லால் கடித்து அவிழ்த்தார். கயிற்றை முழங்கையில் சுற்றி அழகாகச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"கயிறு வேணாம் மொதலாளி. பசங்க சும்மா வெளையாட்டுக்குக் கட்டிக்கினானுங்க. அவன் பழகிட்டான்."

முனிரத்தினத்துக்குத் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். பார்த்து நடந்துகொள் என்று. அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

வெளியே வந்ததும் கேட்டேன். "இன்ஜின் வுடறப்ப இன்னா சார் செய்வான்?"

"கண்ணு கீதில்ல. பாத்துக்குவான்."

"கையி உள்ள கீறப்ப எங்க சார் பாப்பான்?"

"இங்க பாரு. அடுத்த ஆடிக்கு இன்னும் ரெண்டு பேர இங்க கொண்டாரணும். ஒருத்தன் கயிறோட இருந்தா எல்லாரும் கயிறோடதான்னு நெனப்பான் மொதலாளி. அப்புறம் ரெண்டு பேரும் எங்க போவானுங்க, சொல்லு. எங்க போய்க் குந்துவானுங்க?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுநாள் என்னைக் கோணியும் ஊசியுமாக வெளியே நெல் காயப்போடும் களத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அதன் பிறகும் மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் இன்ஜின்காரர் பழைய ஆள். குரல் கொடுத்துவிட்டு, எட்டிப் பார்த்து, முனிரத்தினத்தின் கை வெளியே இருந்தால்தான் ஓட்டுவார். யாரும் சொல்லாமல் தானே செய்தார். ஆடி வந்தது. அவர் வேப்பிலை கட்டப் பெரியபாளையம் போனார். மாற்றாளாக ஒருவன் வந்தான். அவன் மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. சத்தமாகத்தான் குரல் கொடுத்தான். களத்தில் இருந்த எனக்கே கேட்டது.

வலது கை. மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வேலை சார் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, பழக்கத்தில் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துவிட்டார். கையைக் காட்டு. பாதியிலேயே தெரிந்து மடக்கிக்கொண்டார். ஆனால் முனிரத்தினம் பார்த்துவிட்டான். அவர் சொன்னதைச் செய்கிற பிள்ளை அவன். இடது கையை விரித்துக் காட்டினான். கட்டுப் போட்டிருந்ததையும் கூடவே தூக்கினான். வேலை சார் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். களிம்பு டப்பியை எடுத்தார். பூச இடம் இல்லை. டப்பியைத் திறந்து மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் அழுதார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பின்னால் ஒருவன் இறங்கினான். மீசை அரும்பிய வாலிபன். யாரோ கொடுத்த பெரிய நிஜார், இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான். எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். அவனுக்கும் காது கேட்காது.

முதலாளி மனம் நொந்துதான் இருந்தார். அதையும் சொல்ல வேண்டும். "வேணாம் சார், பேஜாரு. நெனச்சாலே சோறு எறங்கல" என்றார்.

"அது அவன் கவனக்கொறவு மொதலாளி. இவன் அப்பிடி இல்ல. இவனுக்குக் கண்ணு கழுகு மாதிரி. ஆடி முடியற வரைக்கும் வெச்சிப் பாருங்க. தனியா ஒண்ணும் வேணாம்."

நான் களத்திலிருந்து வந்தேன். சுருட்டிய கயிற்றை எங்கே வைத்திருந்தேனோ அங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

"வேணும் மொதலாளி. கயிறு வேணும். நானே கட்டிக்கிறேன். என் தைக்கிற வேலையும் கொறையாது."

"இன்னா சார் இவன், எனக்கே புத்தி சொல்றான்? நீங்க கூட்டியாந்தவன்தானே? கயிறு கட்டிக்கினு வேலை செய்ற மில்லுன்னு ஊருக்குள்ள பேசறதுக்கா?" முதலாளியின் குரல் ஏறியது. "ரெண்டு பேரையும் கூட்டிக்கினு கெளம்புங்க. எனக்கு உங்க சரக்கே வேணாம்."

வேலை சார் புதிய பையனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. ஒரே ஒரு கதவு, இரண்டு பேர்.

"நீ கெளம்பு" என்றார் என்னிடம். "போ. இங்க நிக்காத." முதலாளி பையனை மட்டும் உள்ளே போகச் சொல்லித் தலையசைத்தார்.

ஓடிப் போகமாட்டான் என்று சொல்லி என்னைச் சேர்த்தவர் அவர்தான். கயிற்றை அந்தப் பையன் கையில் வைத்தேன். அவனுக்கு அது எதற்கு என்று தெரியவில்லை. நன்றியோடு தலையாட்டிவிட்டு, நிஜார் நழுவாமல் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டான். நான் வாசலைத் தாண்டும்போது அந்த மாற்றாள் இன்ஜின்காரன் குரல் கொடுப்பது கேட்டது.

அப்படித்தான் அந்த ரோட்டுக்கு வந்தேன். தட்டு எடுக்கப் போகிறாயா என்று அவர் கேட்டதற்கு நான் வேறொன்றைக் கேட்டேன்.

"முனிரத்தினத்துக்கு இன்னா சொல்லி வேலை கேப்பீங்க சார்?"

நின்றுவிட்டார். அவருக்கு எப்போதும் வாயில் ஒரு வரி தயாராக இருக்கும்.

"ஒத்தக் கைன்னா..." என்று ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். "ஒத்தக் கைன்னா மொதலாளி..." என்றார் மறுபடி, எதிரே முதலாளி நிற்பதைப் போல.

வரவில்லை. துண்டை எடுக்கக் கை தோளுக்குப் போயிற்று. துண்டை மில்லிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். வெறும் தோளைத் தடவினார். பிறகு சைக்கிளைத் திருப்பினார். "பையன் தனியா கீறான்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு ஏறி மிதித்தார்.

வெங்கலுக்கு அப்பால் ஒரு மஞ்சள் துணி வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். பொழுது சாயும்போது பெரியபாளையத்தில் இறக்கிவிட்டார். பறைச் சத்தம், வேப்பிலை வாடை, ஈரத் துணியோடு உருளுகிறவர்கள். கால் இனி நடக்காது என்றது. வளையல் கடைக்குப் பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்தேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மாள் என் காலைப் பார்த்துவிட்டு, மடியில் ஒரு காசைப் போட்டுவிட்டுப் போனாள். அப்போதுதான் நான் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தது. எழுந்து கடைக்குப் பின்னால் போனேன்.

அங்கிருந்துதான் அவரைப் பார்த்தேன். சைக்கிளை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, வரிசையின் ஆரம்பத்திலிருந்து, குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. சிலர் காசுக்குத் தட்டை நீட்டினார்கள். அவர் தட்டைப் பார்க்கவில்லை. என் மடியில் காசு விழுந்த இடத்துக்கு வந்தார். அந்த இடத்தில் யாரும் இல்லை. சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வரிசை முடிந்ததும், முன்பு பார்த்த அதே பெரிய மூச்சு. நான் கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரம்தான். கூப்பிடவில்லை. கூட்டம் அவரை மூடிக்கொண்டது. அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

விடியும் முன் கும்மிடிப்பூண்டிக்குத் திரும்புகிற ஒரு வண்டியில் தொற்றிக்கொண்டேன். இப்போது அந்தப் பக்கமெல்லாம் கம்பெனியும் காம்பவுண்டுச் சுவரும். அப்போது வயலும் காளவாயும்தான். கவரப்பேட்டை தாண்டி ஒரு செங்கல் காளவாயில் ஆள் இல்லாமல் இன்னும் சுடாத பச்சைக் கல் காய்ந்துகொண்டிருந்தது தெரிந்ததும் இறங்கினேன். வண்டியில் வரும்போதே தீர்மானம் செய்திருந்தேன். என் கால் இப்படி, எனக்குக் குந்த அரை அடி உயரத்தில் ஒரு பலகை வேண்டும், அதை இழுத்து இழுத்துப் போட்டு நாள் முழுக்க வேலை செய்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வழி முழுக்க அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

காளவாய்க்காரர் பல் குச்சியை வாயிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, நடக்கவே முடியல, நீ எங்க கல்லு தூக்கப் போற?"

"நொண்டிங்க" என்றேன். "ஓடிப் போவமாட்டேன்."

அவர் சிரித்துவிட்டார்.

"தனியா ஒண்ணும் வேணாங்க."

"வா வா" என்றார். நான் சட்டை நுனியைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். பச்சைக் கல்லை வெயிலுக்குத் திருப்பிப் போடுகிற வேலை. பொழுது போகும் வரை குனிந்தே செய்தேன்.